வலது கன்னம்

இரவு மணி இரண்டேகால். கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட்டும் தாண்டி, சிதம்பரம் போகிற ரோடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றியிருந்தும் ஆலைகளின் கெமிக்கல் நெடி மூக்கை விட்டுப் போகவில்லை. காரின் பின்சீட்டில் சத்யப்பிரியா. பக்கத்தில் அவளுடைய மேக்கப் பெட்டி.

யாரும் அசையாதீர்கள். மருதாணி காயும்வரை உங்களில் ஒருத்தியும் எழுந்து போக முடியாது, அதனால்தான் இப்போது சொல்கிறேன். நடுவில் எவளாவது வீல் என்று கத்தி என் கைக் கோலத்தைக் கெடுத்தால் பிறகு எனக்கு வாய் நீளம் என்று சொல்லக் கூடாது. இது நம் மாலதியின் பெரியப்பா மகளுக்கு நடந்தது. மாலதி இதோ இருக்கிறாள். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் அவளே பிடித்துக்கொள்ளட்டும்.

சத்யப்பிரியா கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேக்கப் ஆர்ட்டிஸ்ட். அன்று விடிந்தால் அவள் தங்கை ரேகாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். நாலரை ஆறு முகூர்த்தம். ரேகாவும் செம்பியனும் நாலு வருஷம் காத்திருந்து, அழுது, அடம்பிடித்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்த கல்யாணம். "பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன்டி" என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். எங்கே வந்தாள்? கடலூரில் வேறொரு ரிசப்ஷனை ஒப்புக்கொண்டிருந்தாள். அதை முடித்துக் கிளம்பும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது.

ஆலப்பாக்கம் கடந்ததும் வண்டி கத்த ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்...

"புது வண்டிக்கா," என்றான் டிரைவர் இளவரசு. "பின்சீட்ல வெயிட்டு இருந்து பெல்ட் போடலன்னா இப்பிடித்தான் கத்தும். பொட்டிய கீழ வைங்க."

பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்தாள். டிங்... டிங்... நிற்கவில்லை.

"நீங்க பெல்ட் போட்டிருக்கீங்களா?"

"நான் போட்டுத்தாம்பா இருக்கேன்."

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கி வந்து, அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினான். க்ளிக். சத்தம் நின்றது.

"சென்சார் போயிடுச்சி போல," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் அந்த வாசனை... கெமிக்கல் இல்லை. வாடின மல்லிகை. ஊதுபத்தி. அதோடு, ஃபவுண்டேஷன் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. பெட்டியோ பூட்டித்தான் இருந்தது.

சத்யப்பிரியா கதவோரமாக ஒட்டி உட்கார்ந்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு வழக்கம். புதுச் சாமான் எது வந்தாலும் ஒரு முகத்தில் பாதிக்குப் போட்டு, மறுபாதியைச் சும்மா விட்டு, இரண்டையும் சேர்த்து வீடியோ எடுப்பாள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரியுமாம். முகம் யாருடையது? அவள் தெருப் பெண்கள், தெரிந்த பெண்கள். ஒருத்திக்குக் கன்னமெல்லாம் தடித்துச் சிவந்து, அவள் அம்மா வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஒருத்தியும் முகத்தைக் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு புது ஃபவுண்டேஷன் வந்தது. இருபத்துநாலு மணி நேரம் வியர்வைக்கும் தண்ணீருக்கும் அசையாது என்று அட்டையிலேயே போட்டிருந்தான். பிரிக்காமல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் காலையில் போன். திருவதிகைப் பக்கம் ஒரு கிராமம். வெண்மதி என்று ஒரு பெண். பத்து நாளில் கல்யாணம், மேக்கப்புக்கு இவளைத்தான் பேசியிருந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல்... போய்விட்டாள்.

"எங்க வெண்மதிக்கு நீங்கதான் போடறதா இருந்துச்சு," என்றாள் அந்த அம்மா. "நீங்களே வந்து போட்டு அனுப்பிவுட்டுடுங்க தாயி."

கல்யாணம் ஆகாமல் போகிற பெண்ணை மணக்கோலத்தில் சுடுகாட்டுக்கு எடுப்பது அவர்கள் வழக்கம். முகூர்த்தப் புடவை, நகை, பூ எல்லாம் உண்டு. சத்யப்பிரியா போனாள். அழுதுகொண்டேதான் போனாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்ததும் அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த முகம் அரிக்குது என்று சொல்லாது. வியர்க்காது. வேண்டாம் என்றும் சொல்லாது.

எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. போனை நிறுத்தி வைத்து, புது பாட்டிலைப் பிரித்து, அந்தப் பெண்ணின் இடது பாதிக்கு மட்டும் போட்டாள். வலது பாதியை வெறுமனே விட்டாள். வீடியோ எடுத்தாள். எடுத்து முடித்ததும் வலது பக்கத்தையும் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் கதவைத் தட்டினார்கள்.

"நேரம் ஆவுதும்மா. தூக்கணும்."

என்ன செய்வது? வெண்மதியின் தலையை வலது பக்கமாகத் திருப்பி, அந்தக் கன்னம் தெரியாதபடி மல்லிகைச் சரத்தை அள்ளிச் சார்த்திவிட்டாள். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "எம் பொண்ணு எவ்ளோ அழகா இருக்கா" என்று இவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சத்யப்பிரியாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இருந்து என்ன? அடுத்த வாரமே கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி வீடியோவைப் போட்டாள். "துளி வேர்வை இல்ல பாருங்க" என்று பேசியும் போட்டாள். எல்லோரும் சூப்பர்க்கா, சூப்பர்க்கா என்றார்கள். ஒரு பக்கம் வெறும் முகமாக எரிந்துபோனவளைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சரி, ரோட்டுக்கு வாருங்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, மண்டபத்து வாசலில் வண்டி நின்றபோது மூன்று மணி. பெட்டியை எடுக்கக் குனிந்தவள் கண்ணில் பட்டது... பக்கத்து சீட் பெல்ட் கழன்று கிடந்தது. இளவரசு இன்னும் தன் சீட்டை விட்டு இறங்கவேயில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

கீழே ஹாலில் பாதிப் பேர் உருண்டு கிடந்தார்கள். அம்மா முத்தம்மாள் சீர்த்தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வரியா? மேல ஒண்டியா இருக்காடி அவ, போ போ!"

மாடியில் மணமகள் அறை. டியூப் லைட் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு எதிரே, ஈரத் தலையில் துண்டு சுற்றி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "கோவமாடி?" என்றாள் சத்யப்பிரியா. பதில் இல்லை. கோபம்தான் என்று விட்டுவிட்டாள்.

லைட்டை மாட்டினாள், மோவாயைத் தொட்டு நிமிர்த்தினாள், வேலையில் இறங்கினாள். இந்தத் தொழில் செய்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? தோலைத்தான் பார்ப்பார்கள். எங்கே கருவளையம், எங்கே எண்ணெய், எங்கே பரு. அன்று தூக்கம் வேறு கண்ணைக் கட்டியது. தோல் சில்லென்று இருந்தது... ஏசி. கண்ணுக்கு மை வைத்தால் ரேகா கண்ணீர் விட்டு ஊரைக் கூட்டுவாள். இன்று இமைகூட அசையவில்லை.

"இன்னைக்குத்தான்டி நீ அடங்கி உக்காந்திருக்க," என்று கிண்டல் செய்தாள். "மாப்ள பயமா?"

அந்தப் புது ஃபவுண்டேஷனைத்தான் எடுத்தாள். தங்கைக்கு நல்லதுதானே போட வேண்டும். இடது கன்னத்தில் முதல் பொட்டு வைத்தபோது, இவ்வளவு நேரம் பேசாதவள் பேசினாள்.

"வலது பக்கத்த விட்டுடாதக்கா."

பிரஷ் அப்படியே நின்றது. அந்த அறையில் நடந்தது ரேகாவுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாதே... கேட்கலாமென்று வாயைத் திறந்தவள் மணியைப் பார்த்தாள். மணி நாலாகப் போகிறது. கீழே நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்க்கிறார்கள். சும்மா சொல்லியிருப்பாள், அவளுக்கு என்ன தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலது கன்னத்தில் ஆரம்பித்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக ஒரு கன்னத்துக்கு அவள் போட்டதில்லை. புடவை கட்டினாள், நகை பூட்டினாள், பூ வைத்தாள். எல்லாம் முடிந்தபோது, சத்தியமாகச் சொல்கிறாள், அதைவிட அழகான மணப்பெண்ணை அவள் கை செய்ததே இல்லையாம்.

பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து அழைத்துப் போனார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. "ரேகாவா இது? ஆளே மாறிட்டா! அடையாளமே தெரியலியே!" மேக்கப் போட்ட மணப்பெண்ணை எல்லோரும் சொல்வதுதானே. சத்யப்பிரியாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மணவறையில் செம்பியன் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். வைகாசி மாதம், ஹோமப் புகை, ஹால் முழுக்க ஜனம். ஐயர் துண்டைப் பிழிகிறார். பெண்ணுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளையின் தங்கை காயத்ரி மட்டும், "அண்ணி தோள்ல கை வச்சா ஜில்லுனு இருக்குது" என்று அதிசயப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சத்யப்பிரியா டிஷ்யூவோடு குனிந்து தங்கையின் நெற்றியை ஒற்றினாள். எடுத்துப் பார்த்தாள். காய்ந்த டிஷ்யூ. கழுத்தில் ஒற்றினாள். ஒரு துளி இல்லை.

மணப்பெண் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். வலது கன்னம் இவள் முகத்துக்கு நேராக வந்தது. உதடு அசைந்ததே தெரியவில்லை.

"இப்ப வீடியோ எடுக்கலியாக்கா?"

அந்தக் குரல் ரேகாவுடையது இல்லை. அந்த முகமும்... அப்போதுதான் சத்யப்பிரியா தோலை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். யார் மேலேயோ இடித்து, யார் காலையோ மிதித்து, மாடிப்படியில் ஓடினாள். பின்னால் அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை.

மணமகள் அறை காலி. நாற்காலியில் ஈரத்துண்டு. உள்ளே பாத்ரூம் கதவு... வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளிருந்து தட்டுகிற சத்தம். தட்டித் தட்டி ஓய்ந்துபோன கையின் சத்தம்.

தாழ்ப்பாளை இழுத்தாள். ஈரத் தலையும் நைட்டியுமாக, அழுது வீங்கின முகத்தோடு, ரேகா அவள் மேல் வந்து விழுந்தாள்.

"குளிக்கப் போனேன்க்கா... யாரோ வெளிய தாழ்ப்பா போட்டுட்டாங்க. எவ்ளோ நேரமா கத்தறேன்! நீ பக்கத்துலயே நின்னு யார்கிட்டயோ சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டிருந்த, எனக்கு நல்லா கேட்டுது. நான் கத்தினது உனக்குக் கேக்கலியா?"

சத்யப்பிரியா அவளைப் பிடித்த பிடியை விடவில்லை. கீழே ஐயர் குரல் உயர்ந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக முழங்கின.

ரேகா அழுகையை நிறுத்தினாள். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"நான் இங்க இருக்கேன்... அங்க யாருக்குக்கா தாலி கட்டறாங்க?"