கட்டாயம் என்று ஒரு டிக்

"கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மருந்து பிளாஸ்டர்ல எழுதி ஸ்கிரீன்லயே ஒட்டியிருக்காங்கக்கா."

புத்தூரில் நான் ஏறிய டவுன் பஸ்ஸில், ஆஸ்பத்திரி அடையாள அட்டை மாட்டிய இளம்பெண் பக்கத்து சீட் அம்மாவிடம் சொன்னது இது.

"யாரு ஒட்டினது?"

"அவசரப் பிரிவு நர்ஸுங்கதான். ரெண்டு நிமிஷம் தொடலைன்னா ஸ்கிரீன் பூட்டிக்குது. கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு எத்தனை தடவை டைப் பண்ணுவாங்க?"

"நீதானே கம்ப்யூட்டரைப் பாத்துக்கற? அந்த நேரத்தைக் கூட்டி வைக்கறதுதானே?"

"வச்சேன்க்கா. தலைமை ஆபீஸ், கிளை, வார்டுன்னு மூணு மட்டத்துல செட்டிங் போடலாம். வழக்கமா வார்டுக்குன்னு போட்டதுதான் நிக்கும். ஆனா தலைமை ஆபீஸ்ல 'கட்டாயம்'னு ஒரு டிக் அடிச்சுட்டா, கீழ நாம போடறது எதுவும் எடுபடாது."

"அப்படி டிக் அடிச்ச மகராசன் யாரு?"



"நான்தான். போன வருஷம் தலைமை ஆபீஸ்லதானே இருந்தேன்."

"இப்ப அங்க இருக்கறவர்கிட்ட அந்த டிக்கை எடுக்கச் சொல்லேன்."

"சொன்னேன். அந்த சீட்டை விட்டு வரும்போது நான் எழுதிக் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. 'யார் கேட்டாலும் எடுக்காதீங்க.' கீழ என் கையெழுத்து."