மூணெழுத்து வார்த்தை

இல்லைங்க, பணம் இல்ல. கடனும் இல்ல. இன்னொரு தடவ சொல்றேன், கேளுங்க. தப்பு பண்றவன் சேர்த்துக்கறது. ஒரு தப்பும் பண்ணாதவங்களைப் பார்த்து ஊரே சொல்றது. மூணெழுத்து.

தெரியலையா? பாவம்.

என் பொண்ணு போட்ட விடுகதைங்க. எட்டு வயசு. அவ எங்கேன்னா கேக்கறீங்க? பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்றேன். அவங்கம்மா போய் ஒரு வருஷமாச்சு. காய்ச்சல். ஆமா, வெறும் காய்ச்சல்தான். இப்ப எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்.

நான் தையக்காரன். வீட்டு முன் ரூம்லதான் மெஷின். அளவு கொடுக்க வர்றவங்க, கீழ உக்காந்து பட்டன் பொறுக்கிட்டு இருக்கற இவளைப் பார்ப்பாங்க. ஐயோ பாவம்னு தலையைத் தடவிட்டுப் போவாங்க. நல்ல மனசுலதாங்க. ஒருநாள் கேக்கறா, ஏம்ப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?

எனக்கென்ன தெரியும், துணிதான் வெட்டத் தெரியும். பரிதாபப்படறதுக்கு ஏன் பாவம்னு சொல்றாங்கன்னு அவ டீச்சர்கிட்டப் போய்க் கேட்டேன். அவங்களுக்கும் நிச்சயமாத் தெரியல. போன ஜென்மத்துல பண்ண பாவம், இப்ப அனுபவிக்குதுன்னு முழுசாச் சொல்லிட்டு இருந்திருப்பாங்க, சொல்லிச் சொல்லித் தேஞ்சு நடு வார்த்தை மட்டும் நின்னுடுச்சோ என்னமோன்னாங்க. இதைப் போய்ப் பிள்ளைகிட்ட எப்படிங்க சொல்றது? சும்மா சொல்றாங்கம்மான்னேன்.

அப்புறம் வர்றவங்ககிட்ட எல்லாம், அந்த வார்த்தை மட்டும் வேண்டாங்கன்னு கேட்டுக்கிட்டேன். சரின்னாங்க. சொல்லல. உச்சுக் கொட்டினாங்க. வீடு முழுக்கப் பல்லி புகுந்த மாதிரி. சிரிங்க, பரவாயில்ல.

லீவுக்கு அவ சித்தி வீட்டுல விட்டிருந்தேன். சித்திக்கு மூணு வாலுங்க. இன்னிக்கு நான் போறப்ப நாலும் முடியைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உருண்டுட்டு இருக்குங்க. சித்தி கரண்டியோட வந்தா, நாலு முதுகுலயும் ஆளுக்கு ஒண்ணு வெச்சா. இவளுக்கும்தான். எனக்கு உள்ளுக்குள்ள பதறிடுச்சு. இவ முதுகைத் தேச்சுக்கிட்டே சிரிக்கறா.

ஆமாங்க, நாளைக்கு ஸ்கூல் திறக்குது. கூட்டிட்டு வரத்தான் போனேன். இல்லைங்க, பின் சீட்டுல இல்ல. பஸ்ல ஏறவே இல்ல. இங்கயும் ஸ்கூல் இருக்கு, அங்கயும் இருக்கு, நீயே சொல்லுடின்னு சித்தி அவகிட்டயே கேட்டா. இங்கயே இருக்கேன்னுட்டா.