இரண்டாவது முடிச்சு

எல்விரா: அந்தக் கல்லை எடுத்துடு தாச்சோ. சுவர் உன்னை மாதிரியே ஒரு பக்கமா சாயுது.

தாச்சோ: சாயல. நீ நிக்கிற எடம் பள்ளம்.

எல்விரா: ரசமட்டம் பொய் சொல்லுமா? குமிழ் எங்க நிக்குது, பாரு.

தாச்சோ: ...கொஞ்சூண்டு.

எல்விரா: கொஞ்சூண்டு போதும், ஜூலை மழைக்குப் பொத்துனு விழ. அப்புறம் உன் ஆமையும் என் ஆமையும் நேருக்கு நேர். ரெண்டும் ஆம்பளை. ஒண்ணை ஒண்ணு முட்டிப் புரட்டிப் போட்டுடும். இந்த டூசான் பாலைவன வெயில்ல மல்லாந்து கெடந்தா ஒரு மணி நேரம் தாங்குமா?

தாச்சோ: தெரியும், தெரியும். அதுக்குத்தானே நடுவுல சுவரு.

எல்விரா: இன்னும் ஒரு வரிசை ஏத்து. ரெண்டும் மூஞ்சியே பாத்துக்கக் கூடாது.

தாச்சோ: இப்பவே மூணு வரிசை! ஆமைக்குக் கட்டுறோமா, ஜெயில் கைதிக்கா?

எல்விரா: நீ என் சிரோவோட சேட்டையைப் பாத்ததில்ல. போன வருஷம் துணி மூட்டை மேல ஏறி, என் தையல் மெஷின் மிதியில ஒக்காந்திருந்தான்.

தாச்சோ: ஆமைக்கெல்லாம் தனித்தனி வீடு. வர்ற மாசம் கல்யாணம் கட்டிக்கப் போற நமக்கு மட்டும் ஒரே ரூம்பு. சண்டை வந்தா நான் எங்க போறது?

எல்விரா: உன் கேப்டன் ஆமையோட வளைக்குள்ள போய்ப் படு. ஆளு அளவுக்குத்தான் தோண்டி வச்சிருக்கே.

தாச்சோ: தோண்டினவனுக்குத் தெரியும். ரெண்டடிக்குக் கீழ மண்ணா அது? கடப்பாரை போட்டா தீப்பொறி பறக்குது. அந்தத் தண்ணியக் குடு.

எல்விரா: முதல்ல சாந்தைக் கிளறு, காயுது. ...கேப்டன் எப்படி இருக்கான்?

தாச்சோ: யாரு?

எல்விரா: கேப்டன். உன் ஆமை. எத்தனை ஆமை வச்சிருக்கே நீ?

தாச்சோ: ஓ... அவனுக்கென்ன. கராஜ்ல, பொட்டிக்குள்ள குளிர்காலத் தூக்கம் தூங்குறான்.

எல்விரா: இன்னுமா? ஏப்ரல் பாதி ஓடிப்போச்சு. சிரோ முழிச்சு மூணு வாரமாச்சு.

தாச்சோ: இவன் எப்பவும் லேட்டு. என் சம்சாரம் டெலியா இருந்தப்பவே, ஊரு ஆமையெல்லாம் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்தி வந்தப்புறம்தான் தொரை கண்ணைத் தொறப்பாரு.

எல்விரா: ஒரு எட்டு பாத்துட்டு வரட்டா? கராஜ் தொறந்துதானே இருக்கு.

தாச்சோ: வேணாம் வேணாம்! அரைத்தூக்கத்துல வெளிச்சம் பட்டா... நல்லதில்ல.

எல்விரா: அதுவும் சரிதான். என்ன, அப்படியே நிக்கிறே? கரணையில சாந்து வழியுது.

தாச்சோ: ஒண்ணுமில்ல. அந்தக் கல்லைத் தள்ளு.

எல்விரா: நாளைக்குக் காலையில ஆமைச் சங்கத்து அம்மா வர்றா, ஞாபகம் இருக்கா? அவ கண்ணால பாக்கணும். ரெண்டு பக்கமும் ரெண்டு ஆமையும் இருக்கணும். அப்பத்தான் சிரோவை வளர்க்கக் குடுத்த அனுமதித் தாளுல உன் வீட்டு விலாசம் ஏறும்.

தாச்சோ: தூங்குறவனை எப்படிக் காட்டுறது...

எல்விரா: பொட்டியோட கொண்டாந்து காட்டு. சிரோ இங்க வந்தாத்தான் நானும் வருவேன். முதல் நாளே சொன்னேன்ல?

தாச்சோ: சொன்னே. சொன்னே.

எல்விரா: அது என்ன, வேலி ஓரத்துல இன்னும் அந்த அரளி நிக்குது?

தாச்சோ: வெட்டிடுறேன்.

எல்விரா: போன வாரமும் இதையேதான் சொன்னே. ஒரு இலை தின்னாப் போதும், ரெண்டுல ஒண்ணு கதை முடிஞ்சுது. அந்த எடத்துல செம்பருத்தி வை. என் செடியில ஒரு பூ கிடையாது இப்போ. மொட்டுகூட மிச்சம் வைக்காமத் தின்னாச்சு.

தாச்சோ: சிரோ ஒருத்தனா அவ்வளவையும் தின்னான்?

எல்விரா: ...வளர்ற வயசு.

தாச்சோ: நாப்பது வயசுல வளர்றானாம்!

எல்விரா: பேசாம வளை வாசலைப் பாரு. இது என்ன, கேப்டன் பக்கத்து வாசல் மேற்க பாத்து இருக்கு? சாயங்கால வெயில் பூரா உள்ள எறங்கும். சுட்டு எடுத்துடும். தென்கிழக்கா திருப்பு. காலை வெயில் பட்டா போதும்.

தாச்சோ: ஐயோ, ரெண்டு நாள் வேலை!

எல்விரா: எவ்வளவு கவனமா கட்டியிருக்கே, உள்ள ஒருத்தன் இருக்கப் போறான்ங்கிற நெனைப்பே இல்லாம.

தாச்சோ: திருப்பிடுறேன், விடு.

எல்விரா: இந்தா, இந்த நூலைப் புடி. வளை மேல மூடுற பலகையை வெட்டுறதுக்கு. ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன் பாரு. முதல் முடிச்சு சிரோவோட அகலம். ரெண்டாவது கேப்டனுக்கு. நாலு விரல் கூட்டி வெட்டு, திரும்ப எடம் வேணும்.

தாச்சோ: கரெக்டா இருக்கே... உனக்கென்ன, தையக்காரி. கண்ணே டேப்பு.

எல்விரா: அப்படின்னு வச்சுக்கோ.

தாச்சோ: டெலியாவுக்கு ஒம்பது வயசுல கெடைச்சான் இவன். அப்ப ரொட்டி அளவுதான் இருந்தானாம். என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்போ ஒரு பொட்டித் துணி, ஒரு ஆமை. அவ்வளவுதான் சீர்வரிசை.

எல்விரா: கடைசியில உன்கிட்டத்தானே ஒப்படைச்சா.

தாச்சோ: ஆமா. ஆஸ்பத்திரியில. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, எல்விரா. 'அவனை அக்டோபர்ல குளிப்பாட்டித் தூங்க வை'ன்னா. ...பலகையைப் புடி. ஆடாம புடி.

எல்விரா: புடிச்சிருக்கேன். தாச்சோ, என் மொதல் வீட்டுக்காரர் கதை உனக்குச் சொல்லியிருக்கேனா?

தாச்சோ: செம்புச் சுரங்கத்துல இருந்தாரு, அதானே?

எல்விரா: இருந்தாரு. ஒரு நாள் ஆள் குறைச்சுட்டாங்க. எங்கிட்டச் சொல்லல. நாலு மாசம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, நான் கட்டின சாப்பாட்டை எடுத்துக்கிட்டு, எங்கேயோ பூங்காவுல ஒக்காந்துட்டு சாயங்காலம் வருவாரு. 'என்னய்யா, மூஞ்சி வாடியிருக்கு'ன்னா, 'ஒண்ணுமில்ல.' நாலு மாசம் அந்த டப்பாவைக் கழுவினேன் நான்.

தாச்சோ: பாவம், உன்னைப் பயமுறுத்த வேணாம்னு...

எல்விரா: பயமுறுத்தியிருக்கலாம். கூடச் சேர்ந்து பயந்திருப்பேன். கோவமே அதான் எனக்கு. பட்டினி கெடப்பேன் தாச்சோ, அந்த 'ஒண்ணுமில்ல'வோட இன்னொரு தடவை என்னால குடும்பம் நடத்த முடியாது. அடுத்த கல்லை எடு.

டெல்மர்: தாச்சோ! ஏய், தாச்சோ! சுவரு நல்லா வருதே!

தாச்சோ: வா டெல்மர். சும்மா வேலியில சாயாதே, விழுந்துடும்.

எல்விரா: பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே வேடிக்கை பாக்க வந்தாச்சு.

டெல்மர்: வேற என்ன வேலை எனக்கு, ரிட்டயர்டு ஆளு. ஆமா தாச்சோ... அந்தக் கோடித் தெருவுல, லாண்டரி இருக்கே, அங்க கம்பத்துல ஒரு நோட்டீஸ் பாத்தேன். 'ஆமை காணவில்லை, பெரிசு, ஆண்'னு. உன்னுதோன்னு நெனைச்சேன்.

தாச்சோ: அது...

டெல்மர்: கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்துச்சு. அதான் உன் ஞாபகம் வந்துச்சு.

எல்விரா: இந்த ஊர்ல வாரத்துக்கு ஒரு ஆமை காணாமப் போகுது டெல்மர். யாரோடதோ. எங்க கேப்டன் உள்ள தூங்குறான். இல்லியா தாச்சோ?

டெல்மர்: அப்போ சரி. வெயில் ஏறுறதுக்குள்ள முடிங்க. வர்றேன்.

எல்விரா: என்ன? கல்லைக் கையிலயே வச்சிருக்கே. வை.

தாச்சோ: எல்விரா.

எல்விரா: ம்.

தாச்சோ: கேப்டன் தூங்கல.

எல்விரா: முழிச்சுட்டானா?

தாச்சோ: இல்ல எல்விரா. அவன் இல்லவே இல்ல. பொட்டி காலி. பிப்ரவரி கடைசியில, யூமாவுலேருந்து மகளைப் பாத்துட்டு வந்தேனே, அன்னிக்குத் தொறந்தேன். காலி. மூடி ஒரு பக்கமாக் கெடந்துச்சு. அந்த நோட்டீஸ் நான் ஒட்டினதுதான். உன் கண்ணுல படக் கூடாதுன்னு அவ்வளவு தூரம் போய் ஒட்டினேன். ஓடையிலயெல்லாம் தேடினேன், தெனம் காலையில. நடக்கப் போறேன்னு சொன்னேனே, அதெல்லாம் நடை இல்ல.

எல்விரா: ஏழு வாரமா?

தாச்சோ: ஏழு வாரம். டெலியா அம்பது வருஷம் காப்பாத்தினா. நான் புதுசா கட்டுறேன்னு பழைய அடைப்பை இடிச்சு, அவனைத் தூக்கிப் பொட்டியில போட்டு... உன்கிட்டச் சொன்னா, 'ஒரு ஆமையைப் பாத்துக்க முடியாதவன் என்னை எங்க பாத்துக்கப் போறான்'னு நீ...

எல்விரா: அப்போ இந்தச் சுவரு யாருக்கு? ஒரு ஆமைக்கு நடுச்சுவர் எதுக்கு?

தாச்சோ: கட்டிக்கிட்டே இருந்தா வந்துடுவான்னு ஒரு... என்னவோ. நிறுத்தினா, இல்லன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சிரிக்காதே.

எல்விரா: சிரிக்கல. பொட்டியை எங்க வச்சிருந்தே?

தாச்சோ: கராஜ்ல. வென்னீர்த் தொட்டி பக்கத்துல. குளிருமேன்னு.

எல்விரா: குளிரணும் தாச்சோ! சூடு பட்டா முழிச்சுக்கும். முழிச்சா பசிக்கும், அந்தக் குளிர்ல தின்னாலும் செரிக்காது. வீட்டுக்குள்ளயே செத்துப் போகும். இத்தனை வருஷம் பக்கத்துல இருந்து இதுகூடவா பாக்கல?

தாச்சோ: அதெல்லாம் டெலியாதான்...

எல்விரா: நீ யூமா போனப்போ கராஜ் சாவி யார்கிட்ட இருந்துச்சு?

தாச்சோ: உன்கிட்ட. செடிக்குத் தண்ணி ஊத்த... எல்விரா?

எல்விரா: உள்ளேருந்து கரக் கரக்குன்னு சத்தம். தொட்டுப் பாத்தேன், ஓடு கொதிக்குது. தூக்கிட்டுப் போயிட்டேன்.

தாச்சோ: நீயா!

எல்விரா: நீ வந்து பொட்டியைத் தொறந்ததும் என்கிட்ட ஓடிவருவே, சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் 'கேப்டன் எப்படி இருக்கான்'னு கேட்டா, 'நல்லா தூங்குறான்'னே. முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் வீம்பு. அப்புறம் பயம் தாச்சோ. நீ கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டியோன்னு. தப்புதான். நானும் ஏழு வாரம் ஒண்ணுமில்லாத மாதிரிதான் கூட நின்னு கல்லு தூக்கினேன்.

தாச்சோ: அதெல்லாம் அப்புறம் பேசலாம். அவன்... இருக்கானா? உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லு.

எல்விரா: கண்ணே டேப்பாம்! நாப்பது வருஷமா தைக்கிறேன், ஆளை நிக்க வைக்காம ஒரு அளவு எடுத்ததில்ல. அந்த ரெண்டாவது முடிச்சு செவ்வாய்க்கிழமை போட்டது. என் குளியலறையில நாலு காலையும் பரப்பிக்கிட்டு, வாய் நெறைய செம்பருத்தியோட நின்னான்... கையைக் கழுவிட்டு வண்டியை எடு, போய்க் கூட்டிட்டு வரலாம்.