நாளுக்கு இரண்டு மணி நேரம்

எலைன் மிஸ் நல்லவர். முதலில் அதை எழுதிவிடுகிறேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு எஸ்டேட் ஆபீசின் பின்னறையில் நான் போய் உட்காரும்போது, எனக்கென்று மைலோ கலக்கி, சீனி குறைத்து, மூடி போட்டு வைத்திருப்பார். என் வயதில் ஒருத்திக்கு, அவள் கேட்காமலே இன்னொருவர் மைலோ கலக்கி வைப்பது சின்ன விஷயமில்லை.

போலீஸ் சார்ஜன் குகனேஸ்வரன் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னார். பிறகு அவர்கள் மலாய்க்கு மாற்றிக்கொள்வார்களாம். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். ஆனால் கோயில் மாதர் குழுவுக்கு எட்டு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கோர்வையாக எழுத வரும்.

என் பெயர் தவமலர். வயது நாற்பத்தொன்பது. ரிங்லெட் டவுனுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து வெட்டுகிறேன். இறந்துபோனவர் என் கணவர் வேலப்பன். அதே தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். லோரியை மேட்டில் நிறுத்திவிட்டு, "வெட்டுறது கொழுந்தா, இல்ல எம்மேல இருக்கிற கோபமா மலரு?" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சீண்டுவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, ஓட்டுநர் இருக்கையிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிஞ்சியது.

அந்த மூன்று வருடமும் நான் அவரைப் பார்த்துக்கொண்டதில் யாரும் குறை சொல்ல முடியாது. வார்டு நர்ஸ் சொன்னபடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தேன். மூன்று வேளை கஞ்சி, ஒரு வேளை பால். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் அவர் விழுங்குவதற்குக் காத்திருக்க வேண்டும். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நான் மேட்டுக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் புனிதா வந்து பார்த்துக்கொள்வாள். எங்கள் மகள் மோகனா ஜொகூரில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிடுவாள்.

போன வருடம் என் முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மேட்டில் ஏறி இறங்க இன்னும் ஒரு வருடம் தாங்கும், அவ்வளவுதான். தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் எங்களுக்கு. என் கால் நின்றால் வீடும் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் கீழ்ப் பிரிவில் புதிய நாற்றுப் பண்ணை போட்டார்கள். சமதளம், நிழல் வலை, தண்ணீர்க் குழாய். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மண்டோர், மேற்பார்வை ஆள், வேண்டும். மேனேஜர் நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார், நான் ஒருத்தி. மூன்று மாதத்தில் மலாயில் எழுத்துப் பரீட்சை. எங்களைத் தயார்படுத்த ஈப்போவிலிருந்து ஒரு லைஃப் கோச்சை வரவழைத்தார்கள். அவர்தான் எலைன் மிஸ். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். அவருடைய அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர் என்று சொன்னபோது எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முதல் நாளே சொன்னார்: "அக்கா, நான் இதச் செய், அதச் செய்யாதன்னு சொல்ல வரல. நான் கேள்விதான் கேப்பேன். பதில் ஒங்ககிட்டதான் இருக்கு. முடியாதுன்னு தோணுனா முடியாதுன்னு சொல்லிடலாம்லா."

நான் தலையாட்டினேன். இங்கே சார்ஜனுக்கு ஒன்று விளங்க வேண்டும், அவர் டவுனில் வளர்ந்தவர். தோட்டத்தில் யாரும் உத்தரவு போடுவதில்லை. என் அப்பா காலத்துத் துரை, "இந்த மேட்டைப் பதினோரு மணிக்குள்ள முடிச்சிடலாமா?" என்றுதான் கேட்பாராம். இப்போதிருக்கும் மேனேஜர் இன்னும் பணிவானவர். "போலே?" என்பார், முடியுமா என்று. நாங்களும் "போலே" என்போம். முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மேலே இருப்பவர் கேட்டால் அது கேள்வி இல்லை. மூன்று தலைமுறையாக எங்கள் காது அப்படிப் பழகிவிட்டது. எலைன் மிஸ்ஸின் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது.

இரண்டாவது வியாழன் ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டார். இருபத்து நான்கு மணி நேரம். தூக்கத்துக்கு நீலம், வேலைக்குப் பச்சை, சமையலுக்கு மஞ்சள் என்று என்னையே வர்ணம் தீட்டச் சொன்னார். என் கணவரைக் கவனிக்கும் நேரத்துக்கு நான் ரோஸ் தேர்ந்தெடுத்தேன். தீட்டி முடித்துப் பார்த்தால், நான் விழித்திருக்கும் நேரத்தில் வேலைக்கு அடுத்தபடி ரோஸ்தான். ஐந்தரை மணி நேரம். எனக்கென்று தனி வர்ணம் எதுவும் இல்லை. என் வாழ்க்கையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பரீட்சைக்குப் படிக்க ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாச்சும் வேணும்க்கா. இதுல எங்கயாவதிருந்து எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

வட்டம் முழுவதையும் சுட்டித்தான் கேட்டார். ஆனால் பென்சில் முனை ரோஸ்மேல் இருந்தது. நான் "போலே மிஸ்" என்றேன்.

அந்த வாரம் மாலையில் புரட்டிப் படுக்க வைப்பதை விட்டேன். ஒரு தடவைதானே. அரை மணி நேரம் மிச்சமாயிற்று. அடுத்த வியாழன், அரை மணி நேரம் கிடைத்தது என்று மட்டும் சொன்னபோது மிஸ் முகம் மலர்ந்து, "நல்லா பண்ணிருக்கீங்க அக்கா, இப்ப எப்படி இருக்கு மனசுக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன், அது உண்மைதான். அதற்கடுத்த வாரம் இரவுக் கஞ்சியைப் பாலாக மாற்றினேன், பால் சீக்கிரம் இறங்கும். பிறகு மதியக் கஞ்சி. அவருடைய பிரஷர் மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை கிளினிக் போய்க் காத்திருக்க வேண்டும், அரை நாள் போய்விடும். அதையும் நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் எனக்கு முழுதாக இரண்டு மணி நேரம் இருந்தது. சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து, உரம், பூச்சி, மண்ணின் புளிப்பு என்று மலாயில் வாய்விட்டுப் படித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சந்தோஷமாக இருந்தேன். பயிற்சிக்காக என் பொறுப்பில் விட்டிருந்த நாற்றுகளில் ஒன்றுகூட வாடவில்லை.

அவருக்குப் பசித்தால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். முதலில் நிறையத் தட்டினார். படிக்க முடியவில்லை. கட்டில் சட்டத்தைக் கழற்ற முடியாது, ஆகவே கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தேன். மெத்தென்ற தலையணை, கோயில் திருவிழாவுக்கு வாங்கிய புது உறை போட்டது. அதற்குப் பிறகு தட்டுவது கேட்கவில்லை.

நான்கு வாரம் முடிந்த சமயம் புனிதா கதவருகே நின்றுகொண்டு, "இடுப்புல புண்ணு வந்திருச்சே மலரு. அண்ணன் கரண்டியவே கடிக்கிறாரு, அவ்ளோ பசி. நீ கவனிக்கலயா?" என்றாள்.

"மோகனா ஆள் ஏற்பாடு பண்ணிட்டா புனிதா. நாளையிலேருந்து அவங்க வருவாங்க, நீ செரமப்பட வேணாம்" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். யாரும் வரவில்லை, யாரையும் ஏற்பாடு செய்யவும் இல்லை. புனிதா போனதால் எனக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை, இழப்புதான். பிறகு ஏன் அவளை அனுப்பினீர்கள் என்று சார்ஜன் இரண்டு தடவை கேட்டார். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள் வீட்டுக்குள் இருந்தால் மனம் ஒருநிலைப்படாது என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மோகனாவிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தூங்குகிறார் என்றேன். "எழுப்பாதீங்கம்மா, தூங்கட்டும்" என்பாள். நல்ல பிள்ளை. அவளை நினைத்தால்தான் எனக்கு இந்தப் பேனா ஓடமாட்டேன் என்கிறது.

மிஸ் ஒவ்வொரு வாரமும் புது வட்டம் கொடுப்பார். ரோஸ் மெலிந்துகொண்டே வந்தது. ஐந்தரை நான்காகி, மூன்றாகி, பத்தாவது வாரம் ஒரு மணி நேரத்துக்கு வந்தது. என்னிடம் இப்போது ஒரு வர்ணம் இருந்தது, ஆரஞ்சு. அவரும் மெலிந்தார். கைலி இடுப்பில் நிற்காமல் பின் குத்தினேன். காலையில் ஒரு வேளை கஞ்சி கொடுத்துத் துடைத்துவிடும்போது என் முகத்தையே பார்ப்பார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். லோரியில் கியர் மாற்றும்போது சாலையைப் பார்ப்பாரே, அப்படி நிதானமாகப் பார்த்தார்.

பரீட்சை முடிந்து புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். நான்கு பேரில் நான்தான் முதல். முழங்கால் வலியையும் மறந்து வேகமாக வீட்டுக்கு நடந்தேன். இந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? கட்டிலில் உட்கார்ந்து, "ஏங்க, எனக்குக் கெடச்சிருச்சிங்க. இனிமே மேடு ஏற வேணாம்" என்றேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து இடது கையை மெல்ல இழுத்தார். நெடுநேரம் ஆயிற்று. பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கொழுந்து ஏற்றி முடிந்ததும் லோரி சன்னலிலிருந்து அப்படித்தான் காட்டுவார், கிளம்பலாம் என்று. நான் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதேன். விலா எலும்பு கன்னத்தில் குத்தியது. அன்று மாலை ஒரு கிண்ணம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தேன். அவருக்கு விழுங்க வரவில்லை.

அடுத்த செவ்வாய் காலை இறந்துபோனார்.

குளிப்பாட்டுவதற்குத் தூக்கியவர் புனிதாவின் கணவர் திருச்செல்வம். வேலப்பனுக்குப் பிறகு அந்த லோரியை ஓட்டுகிறவர். இரண்டு பேர் வேண்டும் என்று இன்னொருவரைக் கூப்பிட்டிருந்தார். ஆனால் ஒற்றை ஆளாகவே தூக்கிவிட்டார். முதுகைப் பார்த்ததும் "என்னாம்மா இது" என்று மட்டும் கேட்டார். உடலை மறுபடியும் கட்டிலில் வைத்து, போர்வையால் மூடிவிட்டு, வாசலில் போய் நின்று போலீசுக்கு போன் பண்ணினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எலைன் மிஸ்ஸும் வந்தார். விஷயம் தெரிந்ததும் எங்கள் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, நான் எதுக்குக் கேட்டேன், நீங்க என்ன பண்ணிட்டீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவரையும் போலீஸ் விசாரித்ததாம். அதனால்தான் முதலிலேயே அவர் நல்லவர் என்று எழுதினேன்.

ஆகவே என் வாக்குமூலம் இது. என் கணவர் வேலப்பனுக்கு நான் சாப்பாட்டைக் குறைத்தேன், மருந்தை நிறுத்தினேன், புண்ணைப் பார்த்தும் மருந்து போடவில்லை, உதவிக்கு வந்தவளைப் பொய் சொல்லி அனுப்பினேன். அதனால் இறந்தார். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஆனால் மிஸ் கேட்டார், நான் செய்தேன். கேட்டால் செய்யத்தான் எங்களுக்குத் தெரியும். இதைச் சார்ஜன் எப்படி எழுதிக்கொண்டாலும் சரி.

கையெழுத்துப் போடுமுன் சார்ஜன் இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்து, இதையும் எழுதுங்கள் என்றார். என் புத்தகத்துக்குள் இருந்து எடுத்தார்களாம். எலைன் மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரு தொலைபேசி எண். வட்டம் போட்ட அதே நாள், நான் "போலே" என்று சொன்ன மறுநிமிடமே எழுதிக் கொடுத்தது. வீட்டுக்கே வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ்மார்களின் எண். "அக்கா, அண்ணனைப் பார்த்துக்க இவங்க வருவாங்க. ரெண்டு மணி நேரம் அப்படியே கெடச்சிரும். இன்னிக்கே கூப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும் கேட்டார். கூப்பிட்டுவிட்டேன், வருகிறார்கள் என்று சொன்னேன். அவர்கள் வந்திருந்தால் அவர் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார்.

மிஸ் கேட்டதில் அது ஒன்றைத்தான் நான் உத்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை.