எனக்குப் பிடித்தவை என்று நான் எழுதியவை

எனக்குக் காபி பிடிக்காது, ஐயா. கொண்டுவந்து வைத்துவிட்டீர்களே, உங்கள் மனம் கோணக்கூடாது என்று ஒரு வாய் குடித்தேன். டீயும் பிடிக்காது. உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னதுதான் பிடிக்கும் என்று எதுவுமே கிடையாது. பாட்டுக் கேட்டால் எப்போது முடியும் என்றிருக்கும். சினிமாவுக்குப் போனால் தூங்கிவிடுவேன். இந்தச் சிடுமூஞ்சிக்குப் போய்க் கழுத்தை நீட்டினேனே என்று என் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் பாருங்கள், நான் பிழைப்பது நகைச்சுவை எழுதி. வாராவாரம் பத்திரிகையில் 'நானும் என் ரசனையும்' என்று ஒரு பக்கம். நீங்களும் அதைப் படிப்பதாகச் சொன்னீர்கள். அதில் வருகிற 'நான்', ரொட்டியின் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு, நடுப்பகுதியை "நீயாவது நல்லா இரு" என்று வாழ்த்தி வைத்துவிடுகிறவன். பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்கினால், எழுப்ப மனம் வராமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு நடந்தே திரும்புகிறவன். ஓட்டைக் குடைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கிறவன். அத்தனையும் என் அண்ணன். கல்யாணமே வேண்டாம் என்று எங்களோடு நாலாவது மாடியில் இருந்தவர். 'அண்ணன்' என்று வரவேண்டிய இடத்தில் 'நான்' என்று போடுவேன். அவ்வளவுதான் என் திறமை.

அவருக்கு அதில் துளிகூட வருத்தம் இல்லை. படித்துவிட்டு, "டேய், நீ சரியான கிறுக்கன்டா" என்று என் முதுகில் தட்டிச் சிரிப்பார். எங்கள் அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் அவர். அவர்மேல் எனக்கு உயிர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மறதி ஆரம்பித்தது. இல்லாத ஆட்களோடு பேசினார். டாக்டர் வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் மனுஷன் தன் பொறுப்பில் இருக்கமாட்டார் என்று என்னிடம்தான் சொன்னார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. ரொட்டியை முழுசாகத் தின்றார். குடைகளைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, "மணி என்னடா?" என்று கேட்பார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? என் ரசனையை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை, மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ஆசிரியர் போன் செய்தார். "என்ன சார், நாலஞ்சு வாரமா சிரிப்பே வரலையே. முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்." தன்மையாகத்தான் சொன்னார்.

மருந்துக்கடையில் அதே அளவு, அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை இருந்தது. உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று கேட்டுத்தான் வாங்கினேன். டப்பாவில் மாற்றிப் போட்டேன். "உங்க அண்ணன் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா? மறுபடி ஒரு மாதிரியா இருக்காரே" என்று மனைவி கேட்டாள். சாப்பிடுகிறார் என்றேன். சாப்பிட்டார்தானே, நானே தண்ணீரோடு கொடுத்தேன்.

பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார். செருப்பைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்து, "அதுக்கும் வேர்க்கும்ல" என்றார். கண்ணாடியில் தெரிந்த ஆளுக்கு நாற்காலி போட்டார். வாசகர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருநாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, எனக்கு என்னமோ ஆகுதுடா. பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா." எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஐயா. பொய் சொல்லவில்லை. "இந்த வாரம் போகட்டும்ணே" என்றேன். அந்த வாரம் அதையே எழுதினேன். அதற்கும் நிறையப் பேர் சிரித்தார்கள்.

முந்தாநாள் காலையில் நடந்ததைக் கேட்டீர்கள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பால்கனிக்கு வெளியே, பக்கத்து வீட்டுக் கொடியில் ஒரு முழுக்கைச் சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்து, "ஏன் வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க, கூச்சப்படாதீங்க" என்றார். நான் மேஜையில் இருந்தேன், கையில் பேனா. சட்டை வரவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஒரு காலைப் பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்து, அதன் கையைப் பிடிக்க எட்டினார்.

எனக்கும் அவருக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. "அண்ணே" என்று ஒரு வார்த்தை போதும், என் குரலுக்கு எப்போதும் திரும்பிவிடுவார். ஆனால் பாதியில் கூப்பிட்டால் அடுத்து என்ன சொல்வார் என்பது தெரியாமலே போய்விடும். நான் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள். எனக்கென்று சொந்தமாக ஒன்றும் வராதே. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். "பிடிச்சுக்கோங்க" என்றார். அதுதான் கடைசி. மாத்திரையை மாற்றியது நான், கூப்பிடாமல் இருந்ததும் நான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்கவேண்டாம். இந்த வாரப் பக்கத்தை நேற்றே கொடுத்துவிட்டேன். அதில் நான் அந்தச் சட்டையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறேன். நல்லபடியாகத்தான் முடித்திருக்கிறேன், ஐயா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.