கோழி வளர்ப்பின் கடைசிப் பக்கம்

"முருகனுக்குக் கோழி வளர்ப்பு படிச்சுக் காட்டப் போறேன்."

ஸ்ரீபெரும்புதூரில் வல்லக்கோட்டை பஸ் கிளம்பியதும் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு குரல் கேட்டது. சொன்னவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பக்கத்தில் இருந்தவள் சட்டென்று திரும்பினாள்.

"இன்னாக்கா சொல்றே?"

"கண்ணு ஆபரேஷனுக்கு முன்னாடி வேண்டிக்கினேன்டி. பார்வை வந்தா ஒரு வருசம், லைப்ரரில மாசத்துக்கு ஒரு அலமாரிலேர்ந்து ஒரு புக்கு எடுத்துப் படிக்கிறேன்னு. வைத்தியம், சட்டம், விவசாயம், எல்லாம் ஆச்சு."

"கதைப் புக்கா படிச்சிருக்கலாமில்ல?"

"கதைன்னா எனக்கு உசிரு. ஆசையா செய்றது வேண்டுதலாடி?"

"சட்டமெல்லாம் புரிஞ்சுதா?"

"ஒண்ணும் புரியல. ஆனா ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு தெரிஞ்சுது. அழுதுட்டேன்."

பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது.

"இன்னியோட வருசம் முடியுது. கோழி வளர்ப்புதான் கடைசிப் புக்கு. அதுல கடைசிப் பக்கத்த மட்டும் படிக்காம வச்சிருக்கேன், சன்னதில படிக்க."

"சாமிக்கு எதுக்குக்கா கோழி வளர்ப்பு?"

அந்த அம்மாள் மடியிலிருந்த புத்தகத்தைத் தடவிக்கொடுத்தார்.

"கொடியில சேவல் வச்சிருக்காரே. கண்ணு குடுத்தவருக்கு நானும் எதனா உபயோகமா சொல்ல வேணாமா?"