கணீர் என்று கேட்கவில்லை

இந்தக் காலத்து ஜனங்கள் எதையும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. பானை வாங்குகிறவன் போனில் படம் பார்த்து வாங்குகிறான். வீடு வாங்குகிறவன் சுவரில் அடித்த பெயின்ட்டைப் பார்த்து வாங்குகிறான். விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருப்பது தானே சொல்லிவிடும். அதற்கு யாருக்கும் பொறுமையில்லை. அப்புறம் விரிசல் விட்டது, உளுத்துப் போனது என்று தெருவைக் கூட்டி அழுகிறார்கள். எனக்கு எழுபத்து மூன்று வயது. கல்யாணம் ஒன்றைத்தான் தட்டிப் பார்க்க வழியில்லாமல் நம்பிச் செய்தேன். மற்றபடி தட்டாமல் எதையும் வீட்டுக்குள் விட்டதில்லை.

இங்கே ஸ்டேஷன் அதிகாரி ஐயா நல்ல மனிதர். நடந்ததைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார். தாளை இப்படிக் கொடுங்கள், நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நாலாவது வரைதான் படித்தேன். ஆனாலும் அடுத்தவன் கையில் விட்டால் ஒன்றைக் கூட்டுவான், இரண்டை விழுங்குவான்.

அடைகல் என்றால் பாதிப் பேருக்கு இன்று தெரியாது. கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை எதன்மேல் வைத்து அடிக்கிறானோ, அதுதான். பேர்தான் கல், உடம்பு முழுக்க இரும்பு. ஒரு பக்கம் கொம்பு, எதிர்ப்பக்கம் வால், நடுவில் ஒடுங்கின இடுப்பு, மேலே வழவழவென்று முகம். சின்னச் சுத்தியலால் முகத்தில் ஒரு தட்டு தட்டினால், நல்ல கல் கணீர் என்று கிளம்பும். பல் கூசும், முதுகு சிலிர்க்கும், காதோரம் யாரோ சிரித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். உள்ளே எங்காவது விரிசல் விட்டிருந்தால் டொக். அது செத்த கல். அதைத் தூக்கி வருவதும் பிணத்தைத் தூக்கி வருவதும் ஒன்று.

நான் கொல்லன் இல்லை. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டினேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய மறுவாரம், ஒரு முடிதிருத்தும் கடை வாசலில் இடறி விழுந்தேன். காலைத் தடுக்கியது எதுவென்று பார்த்தால் அடைகல். படிக்கல்லாகக் கிடந்தது. இருபது வருஷமாக ஜனங்கள் அதன் முகத்தில் செருப்பைத் தேய்த்துவிட்டு முடி வெட்டப் போயிருக்கிறார்கள். சாவியால் தட்டினேன். கணீர். அன்றைக்குத் தொற்றிய பைத்தியம் இன்றுவரை இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவை எங்கெங்கே ஒளிந்துகொண்டிருந்தன என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஓர் அம்மாள் தன் கல்லுக்கு ரோஸ் பெயின்ட் அடித்து மேலே பூந்தொட்டி வைத்திருந்தாள். ஒன்றில் நாயைக் கட்டியிருந்தார்கள். கல்லை வண்டியில் ஏற்றியதும் நாய் இரண்டு தெரு பின்னாலேயே ஓடி வந்தது. அதற்குக் கல்லைப் பிரிய மனமில்லை. இன்னொன்று ஒரு தையல்காரர் வீட்டில் கட்டிலின் நாலாவது காலாக இருந்தது. அவரை எழுப்பி, கட்டிலுக்கு வேறு கால் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எடுத்தோம்.

எடுத்தோம் என்று எழுதினேன் அல்லவா, நானும் என் மச்சானும். பெண்டாட்டிக்குத் தம்பி. ஒலிபெருக்கி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். கடைப் பெயரும் அவன் வாயும் சேர்ந்து அவனுக்கு ஸ்பீக்கர் என்றே பேர் நிலைத்துவிட்டது. அவனிடம் சின்ன லாரி இருந்தது, முதுகில் பலம் இருந்தது, எப்போதும் வாயில் ஒரு கேலி இருந்தது. புதுக் கல் கிடைத்தால் இரண்டு பேரும் நடுத்தெருவில் கையைக் கோத்துக்கொண்டு குதிப்போம். வயசுக்கு ஏற்ற வேலையா என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஐந்து நிமிஷத்துக்கு எனக்கு முட்டிவலி இருக்காது.

கொண்டுவந்த கல்லை மண்ணெண்ணெயில் ஊறப்போடுவோம். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுப்போம். முகத்தில் மட்டும் கிரைண்டர் படவிடமாட்டேன். முகத்தில் கடின எஃகு இருப்பது விரல்கனம். அதை ராவினால் கல் வீண். பிறகு எண்ணெய் பூசி, இடுப்புயர மரக்கட்டையில் தார் தடவி, கப்பி போட்டுத் தூக்கி, கட்டையில் இறக்கி, இரும்புப் பட்டையால் இறுக்கி நிறுத்துவோம். சமையலறையை ஒட்டின கொட்டகையில் இப்படிப் பதினொன்று நின்றன. காலையில் பல் துலக்கும் முன் பதினொன்றையும் வரிசையாகத் தட்டுவேன். பதினொன்றும் பதினொரு குரலில் பதில் சொல்லும். அந்த நேரத்தில் என் பெண்டாட்டி சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, தலையில் துணியை இறுகக் கட்டிக்கொள்வாள். அவளுக்கு அப்படி ஒரு பழக்கம்.

இப்போது பெரிய கல்லுக்கு வருகிறேன். எல்லாம் அதனால்தான்.

மூடிக் கிடந்த ஒரு கப்பல் பட்டறையின் பின்கட்டில், ஆளுயரப் புல்லுக்குள் நின்றது. இரண்டு கொம்புக் கல், வாலும் கொம்பாகவே நீண்டிருந்தது; ஒரு மூலையில் சில்லு பெயர்ந்திருந்தது, இடுப்பில் முத்திரை. வாழ்நாளில் ஒன்று பார்த்தால் அதிகம். மச்சான் புல்லை விலக்கி முடிக்கும்வரை எனக்குப் பொறுமையில்லை. சுத்தியலை எடுத்துத் தட்டினேன். எழுதத் தெரியவில்லை. அப்படி ஒரு ஓசை. பக்கத்துக் கூரையிலிருந்த புறா அத்தனையும் எழும்பிவிட்டது. தட்டிவிட்டு நூறு எண்ணினேன், இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தலை கிறுகிறுத்து அங்கேயே புல்லில் மல்லாந்து படுத்துவிட்டேன். மச்சானும் பக்கத்தில் விழுந்தான். இரண்டு பேரும் கிடந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"அத்தான், நீங்க இதோட போய் வேற வீடு பாத்துக்குங்க. அக்காவ நான் பாத்துக்குறேன்" என்றான்.

"உங்க அக்காளே வழியனுப்பி வைப்பா, போடா" என்றேன்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எனக்கு அவன்மேல் பகை இருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பகை எதுவும் இல்லை. அவன் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

கல்லைத் தூக்கிவர ஆள் வேண்டியிருந்தது. நாலு நாள் ஆகும், நானே கொண்டுவந்து சேர்க்கிறேன், நீங்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். நான் விட்டேன். அதுதான் நான் செய்த ஒரே தப்பு. அந்த நாலு நாளும் கல் அவன் கடையில் இருந்தது. அதே வாரம் ஒரு ஹோட்டல்காரர் வந்து, வாசல் அலங்காரத்துக்கு அந்தக் கல் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒரு கல் கிடைத்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். மச்சான் வாய் ஊருக்குத் தெரிந்ததுதான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் லாரி வந்தது. சங்கிலி கட்டி, கட்டையின் பக்கத்தில் இறக்கினான். நான் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வெட்கத்தோடு கிட்டே போய்த் தட்டினேன்.

டொக்.

மறுபடி தட்டினேன். கொம்பில், வாலில், இடுப்பில். டொக், டொக், டொக். ஈர மூட்டையில் அடித்த மாதிரி.

மச்சானைப் பார்த்தேன். உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். சமையலறை ஜன்னலில் என் பெண்டாட்டி நின்றாள். அவள் தலையில் துணி இல்லை, அவளும் சிரிக்கிற மாதிரி இருந்தாள்.

"என்னடா ஆச்சு இதுக்கு?" என்றேன்.

"ஏறட்டும் அத்தான். கட்டையில ஏத்திட்டு ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்றான்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. என் கல் ஹோட்டல் வாசலுக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு செத்த கல். அதிகாரி ஐயா கேட்டார், அதே மூலைச் சில்லு, அதே முத்திரை, அதே இரண்டு கொம்பு இருந்ததே, அதைப் பார்க்கவில்லையா என்று. பார்த்தேன். போலி செய்கிறவன் சில்லை மட்டும் விட்டுவிடுவானா? கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் செய்யலாம். குரலைச் செய்யமுடியாது.

இதில் எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் பொய். மனசு இறகு மாதிரி லேசாக இருந்தது. பஸ் ஓட்டும்போது நீளமான இறக்கத்தில் வண்டி தானே உருளும், அந்த மாதிரி. சரி, ஏற்றுவோம் என்றேன்.

கயிற்றைப் பற்றி விவரமாக எழுதச் சொன்னார்கள். விட்டத்தில் இரண்டும் சுமையில் இரண்டுமாக நாலு கப்பி. கயிற்றின் நுனியை இரும்புத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால், எவ்வளவு கனமானாலும் ஒரு கிழவன் ஒரு கையால் நிறுத்தி வைக்கலாம். இழுத்தோம். கல் மெதுவாக மேலே எழும்பியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மச்சான் அதை மார்பால் தள்ளிக் கட்டைக்கு நேராகக் கொண்டுவந்தான். என் பாட்டியைக் கூட இப்படித் தூக்கினதில்லை என்று கேலி பேசினான். நானும் சிரித்தேன்.

கல் நெஞ்சு உயரத்துக்கும் மேலே தொங்கியது. அவன் கட்டையில் ஒரு கையை ஊன்றி, தலையை உள்ளே நுழைத்து, வாலுக்கு அடியில் கையை விட்டு எதையோ பிடித்து இழுத்தான். இழுத்துக்கொண்டே, "இப்ப தட்டிப் பாருங்க அத்தான்" என்றான்.

என்னை வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தேன். முதல் சுற்றை அவிழ்த்தேன்.

கை நழுவிவிட்டது என்று எழுதும்படி என் தரப்பு வக்கீல் வந்து காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அப்படி எழுதினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமாம். நழுவவில்லை. நான் கட்டுகிற கயிறு நழுவாது, அதில் எனக்குப் பேர் உண்டு. ஒரு சுற்றுக்குக் கயிறு தாங்கும், முனகும், ஆனால் தாங்கும். அந்த முனகலை அவன் கேட்டிருப்பான். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. அப்புறம் இரண்டாவது சுற்றை அவிழ்த்தேன்.

கல் கட்டைமேல்தான் உட்கார்ந்தது. நேராக, ஒரு விரற்கடை கூடக் கோணவில்லை. நடுவில் அவன் இருந்தான். முதலில் கொம்பு இரண்டையும் தடவிப் பார்த்தேன். அடிபடவில்லை. பிறகு சுத்தியலை எடுத்து முகத்தில் தட்டினேன். டொக். நினைத்தது சரிதான் என்று நிம்மதியாக இருந்தது. உள்ளே போய்க் கை கழுவிக்கொண்டு, தண்ணீர் கொண்டா என்று பெண்டாட்டியிடம் கேட்டேன். தம்பி எங்கே என்றாள். கல்லுக்கு அடியில் என்றேன். அவள் தலையில் துணி கட்டிக்கொள்ளாமலே கொட்டகைக்கு ஓடினாள்.

இது வரைக்கும் நான் செய்தது. இனி வருவது அதிகாரி ஐயா சொல்வது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், ஒப்புக்கொண்டதாக ஆகாது.

கல்லைத் தூக்கியபோது மச்சானின் கைக்குள் ஒரு காந்தம் இருந்ததாம். வட்டமானது, பெரிய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றினது. வாலுக்கு அடியில் அப்படிக் காந்தம் ஒட்டினால் எப்பேர்ப்பட்ட கல்லும் வாயை மூடிவிடுமாம். எடுத்தால் பழையபடி பாடுமாம். இதை மச்சான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டானாம். நான் சொல்லவில்லையா, எல்லாவற்றுக்கும் போன்.

எதற்கு ஒட்டினான் என்று கேட்டேன். என் பெண்டாட்டி எழுதிக் கொடுத்ததை வாசித்துக் காட்டினார்.

"காலையில அவரு தட்டுறப்ப மண்டைக்குள்ள ஆணி எறங்குற மாதிரி இருக்கும். பத்து வருசம் சொல்லிப் பாத்தேன். தலைவலி மாத்திர போட்டா போயிரும்னாரு. அந்தப் பெரிய கல்லு வந்தா நான் தாங்க மாட்டேன், நீயே ஏதாவது பண்ணு தம்பின்னு நான்தான் சொன்னேன்."

அத்தான் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் காந்தத்தை எடுத்துக்கொள்ளலாம், மற்ற நேரம் அக்கா தூங்கலாம், இரண்டு பேருக்கும் சண்டை இல்லை, அத்தான் சந்தோஷப்படுவார் என்று மச்சான் அவளிடம் சொல்லியிருந்தானாம். அதுதான் அவன் காட்ட இருந்த வேடிக்கையாம்.

அப்படியானால் கல் விழுந்த பிறகு நான் தட்டினேனே, அப்போதும் டொக் என்றுதானே கேட்டது, காந்தம் அவன் கையில் அல்லவா இருந்தது என்று மடக்கினேன். ஐயா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆள் மேல கெடந்தா எப்படிப் பெரியவரே கேக்கும்?" என்றார்.

தாள் தீர்ந்துவிட்டது, இன்னொன்று கொடுங்கள் என்றேன்.

இன்று காலை என்னை முற்றத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வெயிலில், ஒரு கட்டைமேல் அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஐயா ஓர் இரும்புத் துண்டால் முகத்தில் தட்டினார். மதிலில் இருந்த காக்கை எல்லாம் எழும்பிவிட்டது. என் கால் தானாக ஒரு குதி குதிக்கப் பார்த்தது. கூடக் குதிக்க ஆள் எங்கே என்று பக்கத்தில் திரும்பினேன். காவலுக்கு வந்தவன் ஒருவன் நின்றான்.

பிறகு நிதானமாக யோசித்தேன். ஆறு நாளாக இந்தக் கல் இவர்கள் முற்றத்தில் கிடந்திருக்கிறது. ஹோட்டல் வாசலில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்க ஆறு நாள் தாராளம். காந்தத்தை யார் கையில் வேண்டுமானாலும் வைக்கலாம், அதுவும் மறுத்துப் பேச முடியாதவன் கையில். பெண்டாட்டி தம்பிக்காக எதையும் எழுதிக் கொடுப்பாள்.

ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை நீட்டினார். "நீங்களே தட்டிப் பாருங்க" என்றார்.

கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தேன். பின்னால் அவர் இன்னொரு தடவை தட்டினார். கதவு வரைக்கும் எண்ணிக்கொண்டே போனேன், நூறைத் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தது. அது என் கல் இல்லை.